ஒரு நாளைக்கு எத்தனை அடி?

அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்து நாலு வருடம் ஆகிறது. ஒவ்வொரு கிளினிக்கிலும் டொக்டர் ஒரே வசனத்தைத்தான் சொல்லுவார்: "அம்மா, கொஞ்சம் நடவுங்கோ." அம்மாவிடமும் ஒரே பதில்தான் இருக்கும்: "நான் விடிஞ்சதிலயிருந்து நடந்துகொண்டுதானே டொக்டர் இருக்கிறன்."

இந்த வழக்கைத் தீர்த்து வைப்போம் என்று நினைத்து, போன வருடம் கையில் கட்டுகிற சின்ன ஸ்டெப் கவுன்டர் ஒன்றை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே என்று என் போனிலும் அடி எண்ணுகிற செயலியைத் திறந்து வைத்தேன். வாரம் முடிந்ததும் அம்மாவின் எண்ணைக் காட்டி நாலு புத்தி சொல்வதுதான் என் திட்டம்.

வாரம் முடிந்தது. அம்மாவின் சராசரி நாளைக்கு 5,600 அடி. என்னுடையது 2,700.

முற்றம் கூட்டுவது, கிணற்றடிக்கும் குசினிக்கும் போய் வருவது, கொடியில் உடுப்புப் போடுவது, பூப் பறிப்பது, பின்னேரம் பிள்ளையார் கோயில் என்று அம்மாவின் நாள் முழுக்கக் கால் தரையில்தான் இருந்திருக்கிறது. நானோ விறாந்தையிலிருந்து ஸ்கூட்டிக்கு, ஸ்கூட்டியிலிருந்து அலுவலகக் கதிரைக்கு, கதிரையிலிருந்து திரும்ப ஸ்கூட்டிக்கு. நாற்பது வயதுக்காரனை விட அறுபத்தாறு வயதுக்காரி இரண்டு மடங்கு நடந்திருக்கிறார். அதற்குப் பிறகு புத்தி சொல்லும் உரிமை யாருக்குப் போனது என்று எழுதத் தேவையில்லை.

டொக்டர் சொன்னதும் பிழையில்லை என்பது பிறகுதான் விளங்கியது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், என்னைப்போல 2,700-இல் நிற்கிறவர்களுக்காக அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

எது ஒரு அடி?

தமிழில் அடி என்றால் வாங்குகிற அடியும் உண்டு, பன்னிரண்டு அங்குல அடியும் உண்டு. இங்கே சொல்வது காலடி. இடக்கால் வைத்தால் ஒன்று, வலக்கால் வைத்தால் இரண்டு. அவ்வளவுதான்.

நடக்கும் தூரத்தைக் காலடியால் அளப்பது புதிய யோசனை அல்ல. யாழ்ப்பாணத்தில் பழைய ஆட்கள் இன்னும் "ரெண்டு கட்டை தூரம்" என்றுதான் சொல்வார்கள். கட்டை என்றால் மைல். வீதியோரத்தில் நட்டிருந்த மைல்கல்லிலிருந்து வந்த பேச்சு. அந்த மைல் என்ற சொல்லே ரோமர்கள் ஆயிரத்துக்கு வைத்திருந்த சொல்லிலிருந்து வந்தது. இடமும் வலமும் சேர்ந்த ஒரு எட்டை ஒன்றாகக் கணக்கிட்டு, அப்படி ஆயிரம் வைத்தால் ஒரு மைல். ஆக, அப்பப்பா கட்டைக் கணக்கில் பேசியபோதும் அதற்குள்ளே ஒரு படை வீரனின் காலடிக் கணக்கு ஒளிந்திருந்திருக்கிறது.

இன்றைய கணக்குக்கு வருவோம். வளர்ந்த ஒருவரின் காலடி நீளம் பெரும்பாலும் 65 முதல் 75 சென்ரிமீற்றர் வரை இருக்கும். உயரமானவருக்குக் கொஞ்சம் கூட, குட்டையானவருக்குக் கொஞ்சம் குறைய. அதன்படி ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1,300 முதல் 1,500 அடி. ஆயிரம் அடி என்பது சாதாரண நடையில் பத்து நிமிடம். இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றக் கணக்கெல்லாம் தானாக வரும்.

கருவி எப்படி எண்ணுகிறது?

பழைய காலத்து அடி எண்ணிகள் இடுப்புப் பட்டியில் செருகுகிற சின்னப் பெட்டிகள். உள்ளே சுருள்வில்லில் தொங்கும் ஒரு சிறு நெம்பு இருக்கும். இடுப்பு ஏறி இறங்க, நெம்பும் ஏறி இறங்கி எண்ணைத் தள்ளும். இன்றைய போனிலும் கைப்பட்டியிலும் அந்த நெம்பின் வேலையை முடுக்கமானி என்ற ஒரு சில்லுச் செய்கிறது. அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய எடை ஒன்று மெல்லிய தாங்கிகளில் நிற்கிறது. நாம் அசைய அது அசைகிறது. அந்த அசைவு மூன்று திசையிலும் மின்சார அளவாக மாறுகிறது. நடக்கும்போது ஒவ்வொரு காலும் தரையைத் தொடுகையில் ஒரு மேடு. ஒரு செக்கனுக்கு ஒன்றரை, இரண்டு மேடு என்று சீராக வந்தால், "ஆள் நடக்கிறார்" என்று மென்பொருள் முடிவு செய்து எண்ணத் தொடங்கும்.

இதற்கு இணையம் தேவையில்லை. ரீலோட் முடிந்துவிட்டது, இன்றைக்கு நடந்து பயனில்லை என்று ஒரு நண்பன் உண்மையாகவே சொன்னான். டேட்டா இல்லாவிட்டாலும் அடி எண்ணுப்படும். வரைபடத்தில் பாதையைக் கீறிக் காட்ட வேண்டுமென்றால்தான் செய்மதியின் துணை வேண்டும்.

சீரான மேடுகளைத் தேடும் இந்த வழக்கத்தால் சில வேடிக்கைகளும் நடக்கும். குசினிக்குள் இரண்டு அடி வைத்து நின்று, மூன்று அடி வைத்துத் திரும்பினால் பல கருவிகள் அதை நடையாகவே எடுப்பதில்லை. அப்படிப் பார்த்தால் அம்மாவின் உண்மையான எண் 5,600-ஐ விடக் கூடவாகத்தான் இருக்க வேண்டும். சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்த கை அசையாததால் கைப்பட்டி சும்மா இருக்கும். குன்றும் குழியுமான ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் ஓடினாலோ, குலுங்கியே நூறு இருநூறு அடி ஏறிவிடும். தேங்காய் துருவினாலும் சில பட்டிகள் ஏமாறும். ஒரு நாளைக்கு ஐம்பது, நூறு அங்கேயிங்கே போவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நேற்றைக்கும் இன்றைக்கும் அதே கருவி, அதே இடத்தில் இருந்தால் ஒப்பிடுவதற்குப் போதும்.

வாங்கியதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒழுங்கையில் வாயால் எண்ணி நூறு அடி நடவுங்கள். கருவி 95-க்கும் 105-க்கும் இடையில் காட்டினால் நல்ல பிள்ளை. 70 காட்டினால் அணியும் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

தனியாக ஒன்று வாங்கத்தான் வேண்டுமா? கட்டாயமில்லை. ஐபோனில் ஹெல்த் செயலி ஏற்கெனவே இருக்கும். சாம்சங் போன் என்றால் சாம்சங் ஹெல்த். போன் உடலோடு இருந்தால்தான் எண்ணும் என்பதே சிக்கல். ஆண்கள் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவார்கள். வீட்டில் சோட்டியோடு நிற்கும் அம்மாவின் போன் எங்கே இருக்கும்? சாமியறை மேசையில். எண்ணிக்கை பூச்சியம். அதனால்தான் அவருக்குக் கைப்பட்டி. சேலையும் கைப்பையுமாக வேலைக்குப் போகிற பெண்களுக்கும் அதுதான் நல்லது.

பத்தாயிரம் யார் சொன்னது?

செயலியைத் திறந்தவுடன் பெரும்பாலும் 10,000 என்று ஒரு இலக்கு நிற்கும். 2,700-இல் நிற்கிறவன் அதைப் பார்த்தால் மூடிவிட்டுப் படுத்துவிடுவான். நான் அப்படித்தான் செய்தேன்.

அந்த எண் ஆஸ்பத்திரியில் பிறந்ததல்ல. 1964-இல் தோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. உடற்பயிற்சி பற்றிய பேச்சு ஜப்பானில் சூடாக இருந்த அந்த நேரத்தில், 1965-இல் யமாசா என்ற மணிக்கூட்டுக் கம்பனி ஒரு அடி எண்ணியை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் மன்போ-கெய். ஜப்பானிய மொழியில் மன் என்றால் பத்தாயிரம், போ என்றால் அடி, கெய் என்றால் அளக்கும் கருவி. பத்தாயிரம் அடி மானி. வாயில் நன்றாக ஒட்டுகிற பெயர், எண்ணும் உருண்டையானது. பெயர் ஊரூராய்ப் பரவி இலக்காகிவிட்டது. ஆராய்ச்சியெல்லாம் பிறகு வந்ததுதான்.

அந்த ஆராய்ச்சிகள் சொல்வது எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல செய்தி. 2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள, கிட்டத்தட்ட 16,700 பெண்களைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. நாளைக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்களிடையே ஆய்வுக் காலத்தில் மரணம் 41 வீதம் குறைவு. அடி கூடக் கூட நன்மை ஏறி, 7,500 அளவில் சமதரைக்கு வந்துவிட்டது. அந்த 2,700-ஐப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது, அது என்னுடைய எண் அல்லவா. 2022-இல் பதினைந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 வரையிலும், அதற்குக் குறைந்தவர்களுக்கு 8,000 முதல் 10,000 வரையிலும் அந்தச் சமதரை தெரிந்தது. 2025-இல் வந்த இன்னொரு பெரிய தொகுப்பில் 7,000 என்ற எண் முன்னுக்கு வந்தது: 2,000 அடியோடு ஒப்பிட 47 வீதம் குறைந்த மரண ஆபத்து.

இவை பெரும்பாலும் மக்களைக் கவனித்துச் செய்த ஆய்வுகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருத்தக்காரர் இயல்பாகவே குறைவாக நடப்பார். ஆய்வாளர்கள் அதைக் கழிக்கப் பார்த்திருக்கிறார்கள், முழுக்கக் கழிக்க முடியாது. ஆனாலும் எல்லா ஆய்விலும் கோட்டின் வடிவம் ஒன்றுதான். அடிமட்டத்தில் நிற்கிறவருக்குத்தான் முதல் ஆயிரம் அடியால் அதிக இலாபம். ஏற்கெனவே 9,000 நடக்கிறவர் இன்னும் ஆயிரம் கூட்டுவதால் பெரிதாக ஒன்றும் வராது.

ஆகவே 10,000-ஐ அழித்துவிடுங்கள். செயலியில் இலக்கை மாற்றலாம்.

முதல் வாரம் ஒன்றும் செய்ய வேண்டாம்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கருவி வந்த அன்றே விறுவிறுவென்று பண்ணைப் பாலம் வரை நடந்து, மறுநாள் கெண்டைக்கால் பிடித்து, மூன்றாம் நாள் பட்டியைக் கழற்றி லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள்.

முதல் ஏழு நாளும் வழக்கம்போல இருங்கள். கருவியை மட்டும் அணியுங்கள். இரவில் எண்ணைப் பார்த்து, கலண்டர் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். ஏழையும் கூட்டி ஏழால் பிரியுங்கள். அதுதான் உங்கள் தொடக்கம். வாரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ஞாயிறு வீட்டில் படுத்த நாளும், வெள்ளி கோயில் போன நாளும், கலியாண வீட்டில் ஓடித் திரிந்த நாளும் சேர்ந்தால்தான் உண்மையான முகம் தெரியும்.

அந்தச் சராசரியோடு 500 அல்லது 1,000 கூட்டி இலக்கு வையுங்கள். நான் 2,700-க்கு 3,500 வைத்தேன். இரண்டு வாரம் அதில் நின்று, இலேசானதும் 4,300. இலக்கு என்று ஒன்று இருக்க வேண்டும். 2007-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் அடி எண்ணி அணிந்தவர்கள் முன்பைவிட நாளைக்கு 2,000-க்கு மேல் கூடுதலாக நடந்தார்கள். அந்த முன்னேற்றம் ஒரு இலக்கு வைத்துக்கொண்டவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. சும்மா கட்டிக்கொண்டு திரிந்தால் அது வளையல்.

எண்களை எழுதும்போது பக்கத்தில் அன்று என்ன நடந்தது என்று ஒரு சொல் எழுதுங்கள். "மழை", "டவுன்", "சம்பல் அரைக்க மின்சாரம் இல்லை" என்று எதுவானாலும் சரி. இரண்டாம் வாரத்தில் அந்தச் சொற்கள்தான் உதவும். என் தாளில் எண் குறைந்த நாட்களில் எல்லாம் ஒரே சொல்: ஸ்கூட்டி.

அடிகள் எங்கே போயின?

யாழ்ப்பாணம் நடக்கிறவனுக்கு வாய்த்த தரை. மலை இல்லை, மேடு இல்லை. சுண்ணாம்புக்கல் மேல் விரித்த பாய் மாதிரிக் குடாநாடு முழுக்கத் தட்டை. கோயிலும் கடையும் பாடசாலையும் கூப்பிடு தூரத்தில். ஒரு காலத்தில் சைக்கிளும் காலும்தான் ஊரை ஓட்டின. சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரைக்கும் நடந்தே போகிற அடியார்களை ஆண்டுதோறும் இன்றும் பார்க்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் சந்திக் கடைக்குப் பாண் வாங்க நான் ஸ்கூட்டி ஸ்ரார்ட் பண்ணுகிறேன். படலை திறந்து, வண்டியை இறக்கி, திருப்பி, ஹெல்மெட் கொழுவி, போய் நிறுத்தி, திரும்பி வர ஆறு நிமிடம். ஒரு நாள் நடந்து பார்த்தேன்: பத்து நிமிடம், போய்வர 1,000 அடி. நாலு நிமிடத்தை மிச்சம் பிடிக்க ஆயிரம் அடியைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என்னுடைய கருத்து இதுதான். நடைக்கென்று காலை ஐந்து மணிக்கு எழும்பி ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் ஒதுக்கட்டும், பண்ணையிலும் முற்றவெளிப் பக்கத்திலும் அப்படி நடக்கிறவர்களைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. எனக்கு முடியவில்லை, இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் மூன்றாம் கிழமையில் நின்றுபோனது. ஆனால் ஏற்கெனவே போக வேண்டிய இடத்துக்கு, ஏற்கெனவே காத்திருக்கிற நேரத்தில் நடப்பது நிற்கவில்லை. புதிதாக ஒன்றைச் சேர்க்கவில்லை, ஸ்கூட்டி விழுங்கியதைத் திரும்ப வாங்குகிறேன்.

பெரிய வசூல் எனக்கு டியூட்டரி வாசலில் கிடைத்தது. மகளை விட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் வண்டிமேல் சாய்ந்து போன் பார்ப்பது வழக்கம். என்னோடு இன்னும் பத்துப் பதினைந்து பெற்றோரும் அப்படித்தான் நிற்பார்கள். இப்போது அதில் இருபது நிமிடம் பக்கத்து ஒழுங்கைகளால் ஒரு சுற்று. 2,000 அடி. முதல் வாரம் தனியாக நடந்தேன். பிறகு ஒரு ஐயா சேர்ந்தார். இப்போது நாலு பேர், நடையை விட அரசியல்தான் கூட.

அடுத்தது வெளிநாட்டுக் கோல். கனடாவிலிருந்து தங்கச்சி எங்கள் பின்னேரம் ஏழு மணிக்கு எடுப்பாள், அங்கே அவளுக்குக் காலை. அரை மணி நேரத்துக்குக் குறைந்து வைக்க மாட்டாள். முன்பு கதிரையில் சாய்ந்தபடி கேட்பேன். இப்போது முற்றத்தில் படலைக்கும் கிணற்றுக்குமாக நடந்தபடி கேட்கிறேன், ஆறுதலாக நடந்தாலும் 1,500 தேறும். "அண்ணா, படம் ஆடுது, ஒரு இடத்தில நில்லுங்கோ" என்று அவள் கத்துவாள். வீடியோவை நிறுத்திவிட்டால் சரி.

டவுனுக்குப் போனால் கடைக்குக் கடை வண்டியை நகர்த்துவதை விட்டுவிட்டேன். ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி வீதி, கஸ்தூரியார் வீதி, நவீன சந்தை என்று எல்லா அலுவலையும் காலாலேயே முடிக்கலாம். இடம் தேடி வட்டமடிக்கிற எரிச்சலும் மிச்சம். திருநெல்வேலிச் சந்தைக்கும் அதே வழிதான். மரக்கறிப் பை பாரமாகும் முன் மற்ற அலுவல்களை முடித்துவிட வேண்டும், அவ்வளவே. பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு தரிப்பிடம் முன்னால் இறங்கலாம் என்று எல்லோரும் எழுதுவார்கள். மத்தியான வெயிலில் அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வெயிலைப் பற்றிச் சொல்வதானால், பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் நடையை விட்டுவிடுங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு நடப்பது தனிச் சுகம். மாரியில் ஒழுங்கை எல்லாம் வாய்க்கால். அந்த நாட்களில் விறாந்தையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்து 3,000 எடுத்தாலும் பெரிய காரியம். கார்த்திகை மாதத்துச் சராசரியைச் சித்திரை மாதத்தோடு ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம்.

எதிர்பாராத ஒரு தொல்லையும் உண்டு. இந்த ஊரில் வண்டி வைத்திருக்கிறவன் நடந்தால் ஆட்கள் கவலைப்படுகிறார்கள். "என்ன தம்பி, ஸ்கூட்டி பழுதோ?" என்று கேட்காத வீடு இல்லை. பாதி வழியில் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தி "ஏறுங்கோவன்" என்பார்கள். "இல்லை அண்ணை, சும்மா நடக்கிறன்" என்றால் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைக்கிறார்கள். "டொக்டர் நடக்கச் சொன்னவர்" என்று சொல்லிப் பாருங்கள். கேள்வி அத்தோடு நிற்கும். எனக்கு எந்த டொக்டரும் சொல்லவில்லை.

நடைபாதை இல்லாத வீதிகளில் வலப்பக்கமாக நடவுங்கள்; எங்கள் வாகனங்கள் இடப்பக்கம் ஓடுவதால் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும். இருட்டினால் வெள்ளை உடுப்பு. கட்டாக்காலி நாய்கள் நிற்கிற ஒழுங்கைக்கு ஒரு குடை கையில் இருந்தால் நல்லது. ஓட மட்டும் வேண்டாம்.

டொக்டர் சொன்ன நடை

இனி அம்மாவின் வழக்குக்கு வருகிறேன். 5,600 அடி இருந்தும் டொக்டர் ஏன் நடக்கச் சொன்னார்?

அம்மாவின் அடிகள் பிய்ந்து பிய்ந்து கிடந்தன. பத்து அடி, நிறுத்தம், எட்டு அடி, நிறுத்தம். இதயம் ஒரு முறைகூட வேகம் எடுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டலில் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான வேகத்தில் உடலுழைப்பு என்று இருக்கிறது. முன்பு அது ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்றார்கள். அந்த நிபந்தனையை இப்போது எடுத்துவிட்டார்கள், சிறு துண்டுகளும் கணக்கில் சேரும். ஆனால் மிதமான வேகம் என்ற சொல் இருக்கிறது.

மிதமான வேகத்தை அடியிலேயே பிடிக்கலாம்: நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி. மணிக்கூட்டைப் பார்த்து 15 செக்கன் எண்ணுங்கள், 25 வந்தால் சரி. எண்ணச் சோம்பல் என்றால் இன்னொரு வழி. அந்த வேகத்தில் பக்கத்தில் வருகிறவரோடு கதைக்கலாம், தேவாரம் பாட முடியாது. பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் எட்டிப் போடுங்கள். கதைக்கவே மூச்சு வாங்கினால் குறையுங்கள்.

அம்மா புதிதாகச் செய்தது ஒன்றுதான். இரவுச் சாப்பாடு முடிந்து சிறிது நேரத்தில் பன்னிரண்டு நிமிடம், ஒழுங்கை முடியும் வரை போய் வருவார். சீனி வருத்தக்காரருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகான நடை தனியாக உதவும். நடக்கும் கால் தசைகள் எரிபொருளுக்காக இரத்தத்திலிருக்கும் சீனியை இழுத்துக்கொள்வதால், புட்டோ இடியப்பமோ சாப்பிட்ட பின் வரும் ஏற்றம் கொஞ்சம் தணிகிறது. அம்மாவின் சீனி அளவு எவ்வளவு குறைந்தது என்று எழுத மாட்டேன். அதே காலத்தில் மருந்தையும் மாற்றினார்கள். எது எந்த வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. நன்றாக நித்திரை வருகிறது என்கிறார்.

இன்சுலின் போடுகிறவர்களும் சீனியை வேகமாகக் குறைக்கும் குளிசை எடுக்கிறவர்களும் நடையைக் கூட்டும் முன் கிளினிக்கில் கேட்டுவிடுங்கள். பையில் ஒரு இனிப்பும் இருக்கட்டும். நடக்கையில் நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அன்றைய இலக்கு அதோடு முடிந்தது, டொக்டரைப் பாருங்கள்.

அடுத்தது செருப்பு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எங்கள் எண்கள் எல்லாம் வானத்துக்கு ஏறும். இருபத்தைந்து நாள், செருப்பைக் கழற்றிவிட்டு வீதியெல்லாம் நடை. ஆண்கள் பிரதட்டை பண்ண, பெண்கள் அடியழிக்கிற ஊர் இது. காலடியை நேர்த்தியாகவே கொடுக்கிறவர்களுக்கு நான் அடி எண்ணியைப் பற்றிச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் நீண்ட நாள் சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். வெயிலில் காய்ந்த மணல் சுடுவதோ, சிறு கல் குத்துவதோ தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் போன கதைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. விடியப் பூசைக்குப் போங்கள், மணல் குளிர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம்.

தேர் அன்று என் எண் 17,000. அடுத்த மூன்று நாளும் கால் நோவில் 2,000-ஐத் தாண்டவில்லை. வாரச் சராசரியில் பார்த்தால் வழக்கமான வாரத்தை விடச் சில நூறுதான் கூட.

செயலி காட்டும் கலோரிக் கணக்கைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அதைப் பார்க்காதீர்கள். உடல் எடையைப் பொறுத்து ஆயிரம் அடிக்குச் சுமார் 30 முதல் 50 கலோரி போகலாம். நடந்து போய்க் கடையில் பால்தேத்தண்ணியும் ஒரு ரோல்ஸும் எடுத்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். நடை எடையைக் குறைக்கும் என்பதை விட, நடக்கிற உடம்பு மற்ற எல்லாவற்றையும் கொஞ்சம் நன்றாகத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

காலம் முழுக்க இதைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். தேவையில்லை. மூன்று நாலு மாதத்தில் தூரங்கள் எல்லாம் அடியாக மனதில் பதிந்துவிடும். சந்திக் கடை 1,000, பிள்ளையார் கோயில் வெளிவீதி ஒரு சுற்று 240, டியூட்டரிச் சுற்று 2,000. அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு கிழமை கட்டிப் பார்த்தால் போதும், எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். நான் இப்போது 6,500 அளவில் நிற்கிறேன். அம்மா பட்டியைக் கழற்றி என் மகளிடம் கொடுத்துவிட்டார். கேட்டால் கோயில் சுற்றையும் ஒழுங்கையையும் விரலில் எண்ணி ஒரு கணக்குச் சொல்வார். ஒரு முறை சந்தேகப்பட்டு மகளின் கையில் இருந்ததை வாங்கிக் கட்டி விட்டேன். இருநூறு அடிதான் வித்தியாசம், அதுவும் கருவி குறைத்துக் காட்டியது என்கிறார்.